எங்கேயென்று கேட்காமல்

மாப்பிள்ளை போய் இருபத்திரண்டு நிமிடம் ஆகிவிட்டது. இருபத்திரண்டுதானே, என்ன குடிமுழுகிவிட்டது, வயிறு சரியில்லாத மனுசனுக்கு அரைமணி நேரம்கூட ஆகும், காலையில் அந்த விடுதிக்காரி கெட்டித் தயிரில் தேனை ஊற்றி நீட்டினாளே, தயிரில் யாராவது தேனை ஊற்றுவார்களா, அதுதான் வேலையைக் காட்டுகிறது என்று உலகநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்து மூன்று. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம், நடுவில் ஒரு வேட்டி அகலத்துக்கு வானம். காய்ந்து கிடக்கும் ஆற்றுப் படுகை முழுக்க வெள்ளை உருண்டைக் கற்கள், அவற்றின்மேல் காலையிலிருந்து நடந்து கணுக்கால் இரண்டும் தன்னுடையவை இல்லையென்று ஆகியிருந்தது. இது கிரீட் தீவு. மத்தியதரைக் கடலில் இப்படியொரு தீவு இருப்பதே, ஜெர்மனியில் இருக்கும் மகள் பூரணி 'ஒரு வாரம் எங்களோட வாங்கப்பா' என்று இழுத்து வந்திருக்காவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது. மலைமேலிருந்து இறங்கி இந்த இடுக்கு வழியாகவே பதினாறு கிலோமீட்டர் நடந்தால் கடல் வரும். கடலோரத்தில் ஒரு குட்டி ஊர், அங்கே போக ரோடு கிடையாது, படகுதான். பூரணிக்கு அஞ்சு மாசம், அதனால் அவள் படகில் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், ஆம்பளைகள் இரண்டு பேரும் நடந்து வர வேண்டும், ஐந்தரைக்குக் கடைசிப் படகு. 'கல்யாணமாகி மூணு வருசம் ஆச்சு, மாமனாரும் மருமகனும் இன்னும் சாப்பிட்டீங்களா சாப்பிட்டேன்லயே நிக்கீங்க, ஒரு நாள் சேந்து நடங்க, அப்பவாவது வாயத் தொறப்பீங்க' என்று அனுப்பிவைத்தவள் அவள்தான். வாயைத் திறக்கவில்லையென்று சொல்ல முடியாது. பத்து கிலோமீட்டரில் மூன்று தடவை திறந்தார்கள். 'பாத்து வாங்க மாமா.' 'தண்ணி குடிங்க மாமா.' மூன்றாவது இது: 'நீங்க மெதுவா நடந்துகிட்டே இருங்க மாமா, இந்தா வந்துருதேன்.'

சரி மாப்பிள்ளை என்றார் இவர். எங்கே என்று கேட்கவில்லை. கேட்காததோடு நிற்கவில்லை, பார்க்கவும் இல்லை, ஏனென்றால் ஒதுங்கப் போகிற மாப்பிள்ளையை மாமனார் கண்ணைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பது என்ன மரியாதை, தலையைக் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார், அது சரியாகத்தான் கட்டியிருந்தது. நிமிர்ந்தபோது பால்வண்ணனைக் காணோம். வலப் பக்கமா, இடப் பக்கமா, அந்தத் திருப்பத்துக்கு அந்தாண்டையா, இல்லை பாறையில் கீறினாற்போலப் பிரிந்து மேலே போகிறதே சின்னச் சின்ன ஓடைகள், அதில் ஒன்றா. தெரியாது. கேட்டிருந்தால் ஒரு வார்த்தை. எங்க மாப்பிள்ளை? அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுப் பதினோரு வருசம் ஆகிறது, மாப்பிள்ளையிடம் மட்டுமில்லை, யாரிடமும். கிளம்புகிற ஆளை எங்கே என்று கேட்கக் கூடாது, ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கேட்டேயாக வேண்டுமென்றால் தூரமா என்று கேட்பார்கள். அவருக்கும் தெரியும். தெரிந்துதான் அன்றைக்குக் கேட்டார். மனைவி ஆவுடை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், ஒரு கையில் தூக்குச்சட்டி, ஒரு கையில் வத்தல் பை, எங்கே போகிறாளென்று குருடனுக்குக்கூடத் தெரியும், மாவு மில்லுக்கு. மனுசன் வாய் சும்மா இருந்ததா? 'எங்க போற?' என்றார். 'கெளம்பும்போது கேக்கியளே, உங்களுக்கு என்ன புத்தியோ' என்று அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, முறைப்படி நாற்காலியில் உட்கார்ந்து, சொம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, 'இப்பம் போயிட்டு வாரேன்' என்று எழுந்தாள். இரண்டு நிமிடம். அவளை அடித்த பேருந்து தெரு முக்கில் திரும்பிய நேரம் அவருக்குத் தெரியும், வீட்டிலிருந்து முக்கு வரைக்கும் நாலு நிமிட நடை என்பதும் தெரியும், காரியமெல்லாம் முடிந்த பிறகு வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே பார்த்தவர் அவர். இரண்டு நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் அவள் முக்கைத் தாண்டியிருப்பாள். ரோடு முழுக்க மிளகாய் வத்தல் சிதறிக் கிடந்தது, சக்கரத்தில் நசுங்கிய காரம் காற்றில் ஏறி, கூடி நின்ற சனமெல்லாம் இருமியது. அழுகிறார்களா இருமுகிறார்களா என்று தெரியவில்லை. அவருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அது வத்தலாலா என்று இன்றைக்கும் அவரால் சொல்ல முடியாது. கேட்டது கொன்றதா, கேட்டதற்குப் பரிகாரமாக உட்கார்ந்த அந்த இரண்டு நிமிடம் கொன்றதா? இதைப் பூரணியிடம்கூட அவர் சொன்னதில்லை. சொன்னால் அவள் 'போங்கப்பா' என்று சிரிப்பாள், சிரித்துவிட்டு ஒரு ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு கிடப்பாள், அவள் அம்மாவைப் போல.

இருபத்தொன்பது. நடந்துகொண்டே இருங்க என்றார் மாப்பிள்ளை, இவரானால் ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே மஞ்சள் பலகை, படம் போட்டிருக்கிறான், நடக்கிற மனுசன் தலைக்கு மேலே மூன்று கல், கீழே என்னவோ எழுத்து. எழுத்துப் புரியாவிட்டாலும் நிற்காதே என்பது புரிகிறது. மேலே எங்கோ காட்டாடுகள் மேய்கின்றன, ஆடு காலை வைத்தால் கல் உருளும், சற்று முன்புகூட ஒன்று விழுந்தது, முதலில் சடசடவென்று, பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை, பிறகு எதிர்பார்க்காத இடத்தில் டப் என்று. ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு கடந்து போனார்கள், கிழவி நின்று 'ஓகே?' என்று கேட்டாள், இவர் பல்லைக் காட்டி ஓகே ஓகே என்றார், மூன்றாவதாக இன்னொரு ஓகேயும் போட்டார். சொல்லியிருக்கலாம். என்னத்தைச் சொல்ல? மருமகன் வெளிக்குப் போனவர் வரவில்லை என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது, சொன்னால் அவருக்குத்தானே அசிங்கம். அவர்களுக்குப் பிறகு ஒரு ஈ காக்காய் வரவில்லை, இந்த இடுக்குக்குள் போனும் வேலை செய்யாது. அக்டோபர் கடைசி, இன்னும் நாலு நாளில் பாதையை மூடிவிடுவார்களாம், மேலே சீட்டுக் கொடுத்தவன் சொன்னதை மாப்பிள்ளை காலையில் தமிழில் சொன்னார், மத்தியானத்துக்கு மேல் மழை வந்தாலும் வரும், எங்கேயும் தங்காதீர்கள். அந்தச் சீட்டு இரண்டும் இவருடைய சட்டைப் பையில்தான் இருக்கிறது. கீழே கடலோரம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், திரும்பி வராத சீட்டுக்கு உரிய ஆளைத் தேடிச் சாயங்காலம் கழுதையோடு ஆள் உள்ளே வருவான். நல்ல ஏற்பாடு. இரண்டு சீட்டும் ஒரே பையில் இருந்தால்? பையைத் தொட்டுப் பார்த்தார். வேட்டி அகல வானத்தில் கிழக்கோரம் கறுத்திருந்தது. முப்பத்து மூன்று வருசம் மலைமேல் மின்நிலையத்தில் வேலை பார்த்தவருக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அணையைத் திறக்கும் முன்பு மூன்று சங்கு ஊதுவார்கள், ஆற்றுக்குள் துவைக்கிறவர்களும் மாடு குளிப்பாட்டுகிறவர்களும் மூன்றாவது சங்குக்குள் கரையேறிவிட வேண்டும், அந்தச் சங்கை ஊத உத்தரவு கொடுத்தவரே அவர்தான். இங்கே யார் ஊதுவார்? எதிர்ப் பாறையில், அவர் தலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில், விரிசலுக்குள் ஒரு முழு மரக்கிளை குறுக்காகச் செருகி நின்றது, பட்டையெல்லாம் உரிந்து வெளுத்திருந்தது. அதை யாரும் ஏணி போட்டு வைக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தது, அந்த உயரத்துக்கு ஓடிய தண்ணீர். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்த பிறகு ஒவ்வொரு விரிசலிலும் ஒரு கிளை தெரிந்தது. பூரணி கரையில் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அப்பா வருகிறார், அப்பாவுக்குப் பின்னால் யாருமில்லை, 'அவங்க எங்கப்பா?' என்பாள். எங்க. அங்கேயும் அதே கேள்வி. தெரியலம்மா, நான் கேக்கல. இந்தப் பதிலைச் சொல்வதற்கா ஏழு கடல் தாண்டி வந்தார்? அப்போதுதான் விடுதிக்காரி ஞாபகம் வந்தாள், தயிருக்காக இல்லை. நேற்றுச் சாப்பிடும்போது அவள் பூரணியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, இந்த மலைப் பாறைகளில் ஒரு குட்டி இலை முளைக்கிறது, பூனைக் காது மாதிரி மயிர் மூடியிருக்கும், கொதிக்கவைத்துக் குடித்தால் பிரசவம் லேசாக ஆகும், அந்தக் காலத்தில் வாலிபப் பையன்கள் தங்கள் பெண்களுக்காக ஏறிப் பறிப்பார்கள், விழுந்து செத்தவர்களும் உண்டு என்றாள். பூரணி சிரித்துக்கொண்டு, 'எனக்கும் ரெண்டு இலை பறிச்சுட்டு வாங்க பாப்போம்' என்றாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த அந்த இலையின் படத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எழுந்தார். வந்த வழியே மேல்நோக்கித் திரும்பி நடந்தார், அடேய் கிறுக்குப் பயலே என்று மனசுக்குள் ஒரு சத்தம், மாப்பிள்ளையை அடேய் என்று நினைத்ததும் அவரே திடுக்கிட்டார், மூன்று வருசத்தில் ஒருமையில் நினைத்ததுகூடக் கிடையாது. 'மாப்பிள்ளே!' என்று கூப்பிட்டார். பாறை அதைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்து, மேலே கொண்டுபோய், வேறு யாரோ கூப்பிடுகிற மாதிரி திருப்பிக் கொடுத்தது. அந்தக் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன, பால்வண்ணன் என்று நீளமாக, கேட்கும். வாய் வரவில்லை. மறுபடியும் மாப்பிள்ளே என்றே கூப்பிட்டார். முதல் ஓடை, ஒன்றுமில்லை, ஆட்டுப் புழுக்கை. இரண்டாவது, வாய் குறுகலாக இருக்கிறது, இதற்குள் யார் போவான். மூன்றாவதை நெருங்கும்போது ஒரு சத்தம், கல் ஒருவேளை விழுந்திருக்கும், இல்லை, ஆடு, இல்லை, இது கல் இல்லை. டங். நின்றார். டங். அவருக்குள்ளேயே அடிக்கிறதா, காதுக்குள் ரத்தம் அடிக்கிற சத்தமா? டங், டங். இரும்பில் கல் படுகிற சத்தம் அவருக்குத் தெரியாதா, முப்பத்து மூன்று வருசம் குழாயைத் தட்டித் தட்டித்தானே விரிசல் கண்டுபிடித்தார். இரண்டாவது ஓடைக்கே திரும்பி ஓடினார், ஓடினார் என்று சொல்வது பெரிய வார்த்தை, விழாமல் போனார்.

பால்வண்ணன் ஓடை முடிகிற இடத்தில் பாறைச் சுவரின் கீழே மல்லாந்து கிடந்தான், ஒரு கையில் ஸ்டீல் தண்ணீர்ப் பாட்டில், இன்னொரு கையில் கல். இடது கால் கணுக்காலுக்கு மேலே ஒரு கால் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் காது வரைக்கும் ஓடிக் காய ஆரம்பித்திருந்தது. 'வந்துட்டீங்களா மாமா' என்றான், கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்கிற குரலில். 'என்ன காரியம் மாப்பிள்ளை செஞ்சீங்க' என்றார் இவர். 'வழுக்கிருச்சு மாமா. ஒரு பத்தடி இருக்கும். பறிச்சுட்டேன்.' கல்லைக் கீழே போட்டுவிட்டு, சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். மூன்று இலை, சாம்பல் நிறம், கசங்கிப் போயிருந்தது. 'எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?' 'நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன் மாமா. கேட்டா சொல்லலாம்னு. நீங்க எப்பவும் எதையும் கேக்க மாட்டேங்கீங்க. என்னயப் பிடிக்கலயோன்னு பூரணிட்டகூடச் சொல்லிருக்கேன்.' உலகநாதன் கைக்குட்டையை நனைத்து நெற்றியைத் துடைத்தார். பிடிக்கவில்லையாமே. இந்தப் பையன் நல்லா இருக்கணும் என்றுதானே வாயைக் கட்டிக்கொண்டு மூன்று வருசம் திரிந்தார், அது இப்படியா போய்ச் சேர்ந்திருக்கிறது. 'மணி என்ன மாமா?' ஒன்றே முக்கால் என்றார். 'ஓ' என்றான். அவர் துண்டைக் கிழித்து, இரண்டு குச்சி வைத்துக் காலைக் கட்டினார், வேலைக்காலத்தில் கம்பத்திலிருந்து விழுந்தவர்களுக்குக் கட்டியிருக்கிறார், அவன் ஒரு தரம் அலறிவிட்டு அமைதியானான். 'மணி என்ன மாமா?' சொன்னார். கட்டி முடிப்பதற்குள் மூன்றாம் தடவை கேட்டான், அதே குரல், முதல்முறை கேட்கிற மாதிரி. அப்போதுதான் உலகநாதனுக்குப் புரிந்தது. பயப்பட வேண்டியது கால் இல்லை, தலை. கால் எலும்பு ஒட்டும்.

எங்கோ மேலே இடி உருண்டது, கல் விழுகிறதோ என்று முதலில் தலையைக் குனிந்துகொண்டார். ஆளோ எண்பது கிலோ, இவருக்கு அறுபத்தொரு வயது, தூக்கிக்கொண்டு நடப்பது நடக்காத காரியம். ஆனால் இங்கே விடவும் முடியாது, இது ஓடை, ஓடை என்றால் தண்ணீர் வருகிற வழி. இடுப்பு உயரத்தில் ஒரு திட்டு இருந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்தார், பையன் பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல காலால் உந்தினான், 'மாமா உங்க இடுப்பு, இடுப்பு' என்றான் அந்த வலியிலும், கடைசியில் இரண்டு பேரும் திட்டின்மேல் ஒருத்தர்மேல் ஒருத்தராக விழுந்து கிடந்து மூச்சு வாங்கினார்கள். மூன்று வருசத்தில் அவனை அவர் தொட்டது இன்றைக்குத்தான் முதல் தடவை, தாலி கட்டிய அன்றைக்குக் கையைப் பிடித்துக் கொடுத்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால். வேர்வையும் ரத்தமும், பூரணி வீட்டுச் சோப்பின் வாசனையும். படுத்தவாக்கில் எதிர்ச் சுவரைப் பார்த்தார், பார்க்காதே என்று ஒரு மனசு சொல்லச் சொல்லப் பார்த்தார். இங்கேயும் ஒரு கிளை செருகியிருந்தது. திட்டிலிருந்து அதுவரைக்கும் இன்னும் ஒரு ஆள் உயரம் இருந்தது. அதற்கு மேலே ஏற்ற வழியில்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டு இரண்டையும் எடுத்தார், ஒன்றை அவனுடைய பையில், இலைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பொத்தானைப் போட்டார். 'இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் ஒரு சீட்டத்தான் குடுப்பேன்.' பாட்டிலையும் ஒரு கல்லையும் அவன் கையில் கொடுத்தார், பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் இருந்தது. தூங்கக் கூடாது, தட்டிக்கொண்டே இருங்க என்றார். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். கடல் ஆறு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம், இந்தக் கணுக்காலோடு. திட்டிலிருந்து இறங்கி, திரும்பி, ஓடையின் வாய்க்கு வந்து, காலை எடுத்துப் படுகையில் வைத்தார்.

'மாமா, எங்க போறீங்க?'

வைத்த கால் வைத்தபடி நின்றது. கேட்டேவிட்டான். பதினோரு வருசம் யாரையும் கேட்காமல், யாரும் தன்னைக் கேட்கிற மாதிரி எங்கேயும் போகாமல், விடிந்தால் பால் பாக்கெட், சாயந்திரம் கோயில் என்று ஒளிந்து ஒளிந்து வந்தவரை, ஊர் உலகமெல்லாம் விட்டுவிட்டு இங்கே, இந்தப் பாறை இடுக்கில் வைத்துக் கேட்டான், பாறையும் தன் பங்குக்கு இரண்டு தரம் கேட்டது. போறீங்க, போறீங்க. என்ன செய்ய வேண்டும்? திரும்ப வேண்டும், உட்கார வேண்டும், ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், அதுதான் முறை, குடித்துவிட்டு மறுபடி கிளம்பினால் தோசம் போய்விடும். ஆவுடையும் அதைத்தான் செய்தாள், முறை தவறவில்லை, ஒரு வாய் குடித்தாள், இரண்டு நிமிடம். தண்ணீர் அவன் கையில் இருக்கிறது, போய் அவனிடமிருந்து வாங்கிக் குடிக்க வேண்டும். உட்கார்ந்தால் ஒரு சாவு, உட்காராவிட்டால் ஒரு சாவு என்று மனசு அங்கேயும் இங்கேயும் முட்டியது, காலோ நகரவில்லை, அந்த நிற்பிலேயே இரண்டு நிமிடம் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெரிய துளி கையின் பின்புறத்தில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. 'மாமா?' என்றான் பையன் உள்ளேயிருந்து, சின்னக் குரல். பயம். அவ்வளவுதான், அந்தக் குரலில் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை, சகுனமில்லை, சாபமில்லை, தனியாக விட்டுவிட்டுப் போகிறாயே என்கிற பயம். அன்றைக்கு அவர் எதற்காகக் கேட்டார்? மாவு மில் என்று தெரியும். தூக்குச்சட்டி கண் முன்னால் இருந்தது. அவள் போனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும், அதனால் கேட்டார், அவள் வாயால் ஒரு பதில் கேட்க ஆசைப்பட்டார், அவள் அதைச் சொல்லவே இல்லை, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். ஐயோ ஆவுடை, மில்லுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா.

'கடலுக்கு, மாப்பிள்ளை!' என்று கத்தினார். 'பூரணிகிட்ட! ஆளக் கூட்டிட்டு வந்துருதேன்!' உட்காரவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தார். ஐம்பது அடி போயிருக்கமாட்டார், மறுபடியும் வந்தது, முதல்முறை கேட்கிற அதே குரலில், 'எங்க போறீங்க மாமா?' கடலுக்கு மாப்பிள்ளை, வந்துருதேன். மஞ்சள் பலகையைத் தாண்டினார், மூன்று கல், நடக்கிற மனுசன். துளிகள் வெள்ளைக் கற்களில் ஒன்றிரண்டு கறுப்புப் பொட்டு வைத்தன, பிறகு எண்ண முடியாமல் வைத்தன. எங்க போறீங்க. கடலுக்கு. இப்போது மெலிதாகத்தான் கேட்டது, டங் என்ற சத்தமும் இடையில் ஒன்றிரண்டு வந்தது, அவர் நடையை நிறுத்தாமல், மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார். ஒரு தடவைகூட விடவில்லை. மழைச் சத்தம் கூடியது. படுகையின் அடியில், கற்களுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் என்னவோ சலசலக்கிறதா, இல்லை, அது மழைதான், மழையாகத்தான் இருக்கும். பாறைகள் இரண்டும் கிட்டே வந்து, கையை நீட்டினால் இரண்டையும் தொடலாம்போல வழியை இறுக்குகிற இடம் வந்தது. அதற்குள் நுழைவதற்கு முன்னால் நின்று காதைக் கொடுத்தார். கேள்வி வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். வரவில்லை.

'கடலுக்கு, மாப்பிள்ளை' என்று பதிலைச் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார்.